ஒன்பதாம் கட்டத்தில் ஒரு ‘இல்லை’

வெள்ளிக்கிழமைப் பரீட்சையில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோன மாணவனைப் பற்றி எங்கள் மன்னார்த் தீவில் ஒரு கதை சொல்லுகிறார்கள். எருக்கலம்பிட்டியிலும் சொல்லுகிறார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் முசலிக் கரையிலும் சொல்லுகிறார்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது, அவன் எழுந்தான், இந்தத் துனியாவின் உத்தியோகத்தை உதறிவிட்டு மறுமையின், ஆகிறத்தின், பக்கம் நடந்தான் என்பது கதை. சொல்பவர்களுக்குக் கண் கலங்கும். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் இதை எனக்கே சொன்னார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

அவன் எழுந்துபோனது உண்மை. மற்றதெல்லாம் பொய். அவன் எதையும் உதறவில்லை. அவனுக்கு அந்த உத்தியோகம் வேண்டும். அந்தத் தொழுகையும் வேண்டும். இரண்டையும் ஒரே பகலில் பெறுவதற்கு அச்சடித்த விதி ஒன்று இருந்தது. அந்த விதி அவனுக்குக் கிடைக்காமல் செய்தவர்கள் மூன்று பேர். கல்லூரி அதிபர் ஒருவர், மௌலவி ஒருவர், மூன்றாவது நான். பேனா என் கையில் இருந்தது.

இருபது வயதிலிருந்து நாள்தோறும் குறிப்பு எழுதி வருகிறேன். காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு யார் வந்தார், என்ன சொன்னார், இவ்வளவுதான் அதில் இருக்கும். அந்தக் கொப்பிகளைப் பார்த்தே இதை எழுதுகிறேன். பேச்சுகளை அன்றன்றைக்கே எழுதி வைத்தபடியால் அவற்றை இன்று இனிமையாக்கவும் முடியாது, கசப்பாக்கவும் முடியாது.

எங்கள் கல்லூரி எருக்கலம்பிட்டிக்கும் மன்னார்ப் பட்டினத்துக்கும் இடையில், ஒரு பெரிய பெருக்க மரத்தை ஒட்டிய மணல் வெளியில் இருந்தது. அரசாங்கத்தின் கல்லூரி அல்ல. கொழும்பில் கடை வைத்து முன்னுக்கு வந்த எங்கள் ஊரவர் ஒருவர், நம்முடைய பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதற்குப் பிறருடைய பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறதே என்ற ரோசத்தில் கட்டியது. அவர் ஐந்து நேரமும் தொழுகிறவர். அவருடைய தம்பி பெருநாளைக்கு மட்டும் பள்ளிவாசலை எட்டிப் பார்க்கிறவர். இருவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் கல்லூரிச் சாசனத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: தொழுகிறவனைத் தடுக்கவும் கூடாது, தொழாதவனை இழுக்கவும் கூடாது.

அந்த ஒரு வரியில்தான் கல்லூரி நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி அடிப்போம். பதினொன்றே முக்காலுக்கு முதல் மணி. ஜும்மாத் தொழுகைக்குப் போகிறவர்கள் எழுந்து போவார்கள். பன்னிரண்டுக்கு இரண்டாவது மணி. மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். முதல் மணிக்கு எழுந்தது யார், இரண்டாவது மணிக்கு எழுந்தது யார் என்று எந்த ஆசிரியரும் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருப்பதற்காக நாங்கள் அந்த நேரத்தில் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நிற்போம். வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு வழக்கத்தை நான் கண்டதில்லை. இன்று நினைத்தாலும் அது ஒரு மரியாதையான வழக்கம்தான்.

வகுப்பில் நீளமான வாங்குகள். யாரும் சொல்லாமலே மாணவர்கள் பிரிந்து உட்காருவார்கள். தொழுகிறவர்கள் இருந்த முன் வாங்கை மினாரா வாங்கு என்பார்கள், பின்னால் இருந்ததைச் சுருட்டு வாங்கு என்பார்கள். பெருக்க மரத்துக்குப் பின்னால் போய்ப் புகைப்பதால் அந்தப் பெயர். சண்டை கிடையாது, வாய் மட்டும் ஓயாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் பலகையைப் பார்த்து நிற்கும்போது காதில் விழுந்தது:

“மச்சான், எனக்கும் சேத்து ரெண்டு ரக்அத் தொழுதிட்டு வா. உனக்கும் சேத்து நான் சாப்பிடுறன்.”

“நீ சாப்பிடுற சாப்பாட்டுக்கு நான் ராவு பகலா தொழுதாலும் காணாதடா.”

இரண்டாவது குரல்தான் அவன். குரலைத் தாழ்த்தத் தெரியாதவன். அவனுடைய வாப்பா சிலாவத்துறைப் பக்கத்தில் சங்கு குளிக்கிறவர், இரண்டு காதும் கடலோடு போய்விட்டன. வீட்டில் உரக்கப் பேசிப் பேசி அதுவே அவனுக்குச் சுபாவமாகிவிட்டது. கணக்கில் அவனைப் போல் ஒருவனை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. நான் பலகையில் எட்டு வரியில் செய்ததை அவன் நான்கு வரியில் செய்துவிட்டு, “இதுவும் சரிதானே, சேர்?” என்று ஊருக்கே கேட்கும்படி கேட்பான். மினாரா வாங்கில் இருந்துகொண்டு சுருட்டு வாங்குக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தான்.

அவனுக்கு நில அளவைக்காரன் ஆக வேண்டும். வாப்பாவுக்குப் பிறகு கடலில் இறங்காமல் இருப்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பயிற்சிக்கு எடுபடுவதற்குச் சீமையிலிருந்து வரும் பெரிய பரீட்சையில் சித்தி பெற வேண்டும். வயது எல்லையும் உண்டு. அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே பிந்தி. கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். அடுத்த வருடப் பரீட்சைக்குள் எல்லை தாண்டிவிடும். இது எனக்குத் தெரியும், அதிபருக்குத் தெரியும், மௌலவிக்கும் தெரியும். தெரியாமல் செய்தோம் என்று எங்களில் ஒருவரும் சொல்ல முடியாது.

அந்த வருடம் நேரசூசி வந்தபோது கணக்குப் பரீட்சை வெள்ளிக்கிழமையில் விழுந்திருந்தது. பன்னிரண்டேகாலுக்குத் தொடக்கம், மூன்றேகாலுக்கு முடிவு. ஜும்மா அதன் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

நான் பதறவில்லை. விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தை எனக்குத் தெரியும். குறித்த நாளிலோ நேரத்திலோ எழுதுவதற்கு மார்க்கத் தடை உண்டா என்று அதில் கேட்டிருக்கும். விதிப் புத்தகத்தில் அதற்கு விளக்கமும் உண்டு: யூத மாணவர்களைப் போல அப்படித் தடை உள்ளவர்கள் முன்கூட்டி அறிவித்தால், வினாத்தாளைக் கண்டவர் யாரோடும் பேசாதபடி காவலில் வைக்கப்பட்டு, பின்னர் தனியாக எழுத விடப்படுவார்கள். படிக்கிறவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும் சிறிய எழுத்து. நான் தாண்டாததற்குக் காரணம் இருந்தது.

என் இருபதாவது வயதில், முத்துக் குளிப்பு நடந்த பருவத்தில், மறிச்சுக்கட்டி முகாமில் சிப்பி எண்ணும் எழுத்தராக இருந்தேன். அங்கே முத்து வாங்க வந்தவர்களில் பம்பாய் யூதர் ஒருவர் இருந்தார். வெள்ளி மாலை பொழுது பட்டால் சனி மாலை வரை அவர் முத்தைத் தொடமாட்டார், எழுதுகோலைத் தொடமாட்டார். கடற்கரை முழுக்க ஏலக் கூச்சலாக இருக்கும்போது அவர் கொட்டிலில் ஒரு கதிரையைப் போட்டுச் சும்மா இருப்பார். மற்ற வியாபாரிகள் அவரைக் கேலி செய்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நாங்கள் வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலத்துக்குப் படுகிற பாட்டை அவர் ஒரு நாள் முழுக்கப் பட்டார்.

ஒரு சனிக்கிழமை அவர் தான் படித்த கல்லூரியைப் பற்றிச் சொன்னார். யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று நடத்திய தனியார் கல்லூரி. தலையில் தொப்பி இல்லாமல் ஓர் அடி வைக்காதவர்களும் அங்கே படித்தார்கள், தொப்பியை எங்கே வைத்தோம் என்றே மறந்தவர்களும் படித்தார்கள்.

“சனிக்கிழமை பரீட்சை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“பாதிப் பேர் போய் எழுதுவார்கள். மற்றப் பாதியை ஓர் ஆசிரியர் தன் வீட்டில் பூட்டி வைப்பார். பொழுது பட்டதும் மேசை போட்டு, விளக்கேற்றி, அதே வினாத்தாளைக் கொடுப்பார்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் அவருடைய மனைவியின் சமையல். எழுதப் போனவர்கள் திரும்பி வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, உங்களுக்கு என்ன சாப்பாடு என்பதுதான். ஒரு வருடம் தொப்பி மறந்தவன் ஒருவன், தனக்கும் திடீரென்று பக்தி வந்துவிட்டதாகச் சொல்லி எங்களோடு வந்து பூட்டுப்பட்டான்.”

அவர் சிரித்தார். பிறகு சொன்னதையும் குறித்து வைத்திருக்கிறேன். “தம்பி, பூட்டப்பட்டவர்களை எழுதப் போனவர்கள் இளக்காரமாகப் பார்த்ததில்லை. எழுதப் போனவர்களைப் பூட்டப்பட்டவர்கள் பழித்ததில்லை. கல்லூரி அதைக் கவனித்துக்கொண்டது. கல்லூரியின் வேலை அதுதானே.”

எங்கள் கல்லூரியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தபோது, இரண்டு மணி அடிக்கும் வழக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. ஆகவே நேரசூசி வந்த அன்று ஆறு படிவங்களில், மினாரா வாங்கு மாணவர்கள் ஆறு பேருக்கும், ஒன்பதாம் கட்டத்தில் பென்சிலால் ‘ஆம்’ என்று எழுதினேன். விதிப் புத்தகத்தில் உரிய பக்கத்துக்கு ஓர் அடையாளத் தாளைச் செருகிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனேன். காலை பத்தரை. சோளகக் காற்று. மௌலவியும் அங்கே இருந்தார்.

இவர்கள் இருவரையும் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். அதிபர் இந்தியாவில் பட்டம் பெற்றவர், கழுத்துப் பட்டியை எந்த வெயிலிலும் தளர்த்தாதவர். கல்லூரியை அரசாங்க உதவி பெறும் கல்லூரியாக்குவது ஒன்றே அவருடைய கனவு. மௌலவி மார்க்கப் பாடம் எடுத்தவர், பட்டினத்துப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பாவும் ஓதுகிறவர். கழுத்துப் பட்டியை ஷைத்தானின் கயிறு என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொன்னவர். அதிபர் வந்த ஏழு வருடத்தில் இவர்கள் இருவரும் எந்த விடயத்திலும் ஒத்துப்போனதாக என் கொப்பிகளில் ஒரு குறிப்பும் இல்லை. அன்றைக்குத்தான் முதல் குறிப்பு.

நான் விதியை வாசித்துக் காட்டினேன். அதிபர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“இதை அனுப்ப ஏலாது, மாஸ்டர்.”

“ஏன், சேர்?”

“வித்தியா பகுதியில இருந்து அடுத்த மாசம் பார்க்க வருகினம். ஆறு படிவத்தில மார்க்கத் தடை, மார்க்கத் தடை எண்டு இருந்தா அவை என்ன நினைப்பினம்? இது கல்லூரி இல்ல, மத்ரஸா எண்டு நினைப்பினம். நான் ஏழு வருசமா அந்தப் பெயரைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறன்.”

மௌலவி கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விதிப் புத்தகத்தை வாங்கி, என்னிடமே இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு சொல்லில் நிறுத்தினார்.

“அது ஆருக்கு எண்டு போட்டிருக்கு?”

“யூத மாணவர்களைப் போல எண்டு, மௌலவி. உதாரணத்துக்குச் சொன்னது. எங்களுக்கும் பொருந்தும்.”

“யஹூதிக்கு வெட்டின வாசலால எங்கட பிள்ளையள் குனிஞ்சு போறதோ? ஜும்மாவுக்குப் போக எங்களுக்கு வெள்ளைக்காரன்ட காவல் வேணுமோ? எழுதாதேங்கோ.”

“எழுதாட்டி அண்டைக்கு அவங்கள் என்ன செய்வாங்கள்?”

“ஈமான் உள்ளவன் பாங்கு கேட்டா எழும்பி வருவான்.” பெயரைச் சொல்லி, “அவன் வருவான். நீங்கள் பாருங்கோ” என்றார்.

அதிபர் சிரித்தார். “அவனோ? அவனுக்குக் கணக்கெண்டாப் பைத்தியம். வினாத்தாளைக் கண்டா உங்கட பாங்கு அவன்ட காதில விழாது.”

“விழும்.”

“பார்ப்பம்.”

“பார்ப்பம்.”

இருவருடைய முகத்திலும் ஓர் உற்சாகம் வந்ததை நான் கண்டேன். அதை மறக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு மனிதனின் முழு வாழ்க்கையை மேசையில் வைத்து, இரண்டு பெரியவர்கள் சேவல் கட்டுகிறவர்களைப் போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாசனத்தின் ஒற்றை வரியை அன்று காலையில் இருவரும் சேர்ந்து கிழித்தார்கள். ஒருவர் தொழுகிறவனைத் தடுத்தார், மற்றவர் இழுத்தார். இழுக்கும் கையும் தடுக்கும் கையும் ஒன்றையொன்று பிடித்துக் குலுக்கிக்கொண்டன.

நான் என்ன செய்தேன்? என் இடத்துக்கு வந்து, அழிறப்பரால் ஆறு ‘ஆம்’களையும் அழித்தேன். தூளை ஊதினேன். அதற்கு மேலே மையால், தெளிவாக, ஆறு தடவை ‘இல்லை’ என்று எழுதினேன். வெட்டும் திருத்தமும் இல்லாத படிவங்களை அனுப்புவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பிரதிகளைக் கோவையில் வைத்தேன். அந்த மாணவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தடை இருக்கிறதா என்று கட்டம் கேட்டது அவர்களை. பதில் சொன்னது நாங்கள்.

அன்றிரவுக் குறிப்பில் ‘படிவங்கள் அனுப்பியாயிற்று’ என்று மட்டும் இருக்கிறது. அந்த வரியைப் பார்க்கும்போது மற்ற இருவர் மேல் வருகிற கோபத்தைவிடப் பெரிய கோபம் வருகிறது.

பரீட்சை பட்டினத்து அரசாங்கக் கச்சேரி மண்டபத்தில் நடந்தது. மார்கழி, வாடைக் காற்று. கல்லூரியின் பிரதிநிதியாக நான் வாசல் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். மேற்பார்வையாளர் கொழும்பிலிருந்து வந்த வயதான பறங்கிக் கனவான். பன்னிரண்டேகாலுக்கு வினாத்தாளைக் கொடுத்தார்கள். அவன் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பிறகு குனிந்து எழுதத் தொடங்கினான். கை நிற்கவே இல்லை. இவன் எழும்பமாட்டான் என்று நினைத்தேன். எழும்பக் கூடாது என்று வேண்டினேன். அப்படி வேண்டியது பாவமா என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குப் பாங்கு கேட்டது. வாடை அதைத் தெளிவாகவே கொண்டுவந்தது. மினாரா வாங்கைச் சேர்ந்த மற்ற ஐந்து பேரும் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்கள். அவன் ஒரு வரியை எழுதி முடித்தான். பேனாவின் மூடியைப் போட்டான். தாள்களை ஒழுங்காக அடுக்கி, எழுந்து, மேற்பார்வையாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தான்.

“சுகமில்லையா?” என்று அவர் கேட்டார்.

“இல்ல, சேர். வெள்ளிக்கிழமை” என்றான். அவனுடைய குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் எவனோ மூக்கை உறிஞ்சினான். அவன் என்னைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

முப்பத்து மூன்று நிமிடங்கள். பத்துக் கேள்வியில் மூன்று செய்திருந்தான். மூன்றும் பிழையில்லாதவை. நான் பின்னர் மனத்தாலேயே செய்து பார்த்தேன், மிச்சம் ஏழும் அவனுக்குத் தெரிந்தவைதான்.

மேற்பார்வையாளர் என்னை அழைத்தார். கோவையைத் திறந்து அவனுடைய படிவத்தை எடுத்தார்.

“இங்கே இல்லை என்று இருக்கிறதே. ஏன் முன்கூட்டி அறிவிக்கவில்லை?”

நான் அந்தக் கட்டத்தில் என் எழுத்தையே பார்த்தேன்.

“அதோ அந்தப் பதிவேட்டு அறை காலியாகத்தான் கிடக்கிறது” என்று விரலால் காட்டினார். “சாவி என்னிடம் இருக்கிறது. தொழுதுவிட்டு வந்து அங்கே இருந்து எழுதியிருப்பான். கொழும்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவருக்குச் செய்கிறோம். எனக்கு ஒரு தேநீர் பிந்தியிருக்கும், அவ்வளவுதான்.”

பிறகு படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பென்சில் அழித்த தடம் தாளில் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோவையை மூடினார்.

கணக்கில் தவறினால் முழுப் பரீட்சையும் தவறியதுதான். முடிவு வந்தபோது மற்ற ஐந்து பேரும் சித்தி. சுருட்டு வாங்கில் ஏழு பேர் சித்தி. அவன் இல்லை.

பரீட்சைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மௌலவி அவனைப் பற்றி அரை மணித்தியாலம் பயான் செய்தார். ஊர் அழுதது. திங்கட்கிழமை அதிபர் கூட்டத்தில் அவனைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசினார். புத்தியுள்ளவன் எதைச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாம். இருவருக்கும் அவன் பயன்பட்டான். வித்தியா பகுதியினர் முன்னமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். உதவி கிடைத்தது. பள்ளிவாசலுக்கும் அந்த வருடம் புது விரிப்பு வந்தது. ஒன்பதாம் கட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவன் பத்து நாள் கழித்து வந்தான். பாடசாலை விட்டபின், நாலு மணி. நான் தனியே இருந்தேன்.

“சேர், என்ட படிவத்தின்ட பிரதி இருக்குதோ?”

“என்னத்துக்கு?”

“கச்சேரிப் பியோன் ஒரு கதை சொன்னார். பார்க்க வேணும்.”

எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே மேலிருந்து கீழே வாசித்தான். ஒன்பதாம் கட்டத்தில் விரலை வைத்தான்.

“இது உங்கட எழுத்து.”

“ஓம்.”

“வடிவான எழுத்து, சேர்.”

நான் அந்த அறையில் நடந்ததைச் சொன்னேன். அதிபர் சொன்னது, மௌலவி சொன்னது, எல்லாம். அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடிந்ததும், “அவங்க ரெண்டு பேரும் என்னை வச்சுப் பந்தயம் பிடிச்சாங்கள். விளங்குது. நீங்கள் ஆரில பிடிச்சீங்கள்?” என்றான்.

“நான் பிடிக்கயில்ல.”

“அதுதான் விளங்கயில்ல” என்றான். முதல் தடவையாக அவன் குரல் தாழ்ந்திருந்தது. படிவத்தைக் கோவையில் தானே வைத்து, கயிற்றைக் கட்டிவிட்டுப் போனான். அந்த வாரமே சிலாவத்துறைக்குப் போய் வாப்பாவின் வள்ளத்தில் ஏறினான்.

அடுத்த வருடம் படிவங்கள் வந்தன. கணக்கு மறுபடியும் வெள்ளிக்கிழமையில். அதிபர் படிவக் கட்டை என் மேசையில் வைத்து, “வழமை மாதிரி, மாஸ்டர்” என்றார்.

நான் மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கட்டத்தை வாசித்துக் காட்டி, உனக்குத் தடை உண்டா என்று கேட்டேன். மினாரா வாங்கில் நாலு பேர் ஆம் என்றார்கள். சுருட்டு வாங்கில் ஒருவனும் ஆம் என்றான்.

“நீயுமோ?”

“வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையில இருந்து ஒண்டேகால் மட்டும் நானும் முஸ்லிம்தான், சேர். மிச்ச நேரத்தைப் பற்றிக் கட்டத்தில கேக்கயில்லயே.”

பம்பாய்க்காரர் கேட்டிருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பார். ஐந்து படிவத்திலும் மையால் ‘ஆம்’ என்று எழுதி, அதிபருக்குக் காட்டாமல் நானே தபாற்கந்தோரில் சேர்த்தேன்.

கார்த்திகையில் பதில் அதிபரின் பெயருக்கு வந்தது. ஐந்து பேருக்கும் அனுமதி. அன்று பகல் இரண்டு மணிக்கு என்னை வேலையால் நிறுத்தினார். மௌலவி வாசலில் நின்றார். “யஹூதியிட்ட இரந்து வாங்கின அனுமதி” என்றார். “ஓம், மௌலவி, நல்லா இருக்கு, நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ” என்றேன். பன்னிரண்டு வருடம் அந்த மனிதரோடு நான் மரியாதைக் குறைவாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். இன்னும் கூடப் பேசியிருக்கலாம்.

அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. காவலுக்கு வைக்கப்படுகிறவர் அந்தக் கல்லூரி ஆசிரியராக இருக்கக் கூடாது. நான் இப்போது ஆசிரியர் அல்ல. அதே பறங்கிக் கனவானிடம் போய் நின்றேன். அவருக்கு என் முகம் நினைவிருந்தது. “இந்தத் தடவை தாளில் தடம் இல்லை” என்றார். என்னையே காவலுக்கு நியமித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, வினாத்தாள் உறை உடைக்கப்படுவதற்கு முன்பே, ஐந்து பேரையும் கச்சேரியிலிருந்து பட்டினத்துப் பள்ளிவாசலுக்கு நடத்திக்கொண்டு போனேன். அவர்கள் முன்னே, நான் பின்னே. யாரோடும் பேசக் கூடாது. ரோட்டில் நின்ற கழுதைகள்கூட எங்களைப் பார்த்து ஒதுங்கின. பள்ளிவாசலில் தொழுகை வரிசைகளில் கடைசி ஸப்பில் அவர்களை ஒன்றாக நிறுத்தி, ஓரத்தில் நான் நின்றேன்.

தொழுகை முடிந்து வெளியே வரும்போது கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டியான ஹவுளுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். வெயிலில் கறுத்திருந்தான். தோள் அகன்றிருந்தது. ஐந்து பேரில் ஒருவன் அவனுக்கு உறவு, தன்னை மறந்து ஸலாம் சொல்லிவிட்டான். அவன் பதிலுக்கு வாயைத் திறக்கவும் நான் இடையில் போய்க் கையை நீட்டினேன்.

“கதைக்கக் கூடாது. இவங்கள் காவலில.”

அவன் என் கையைப் பார்த்தான், ஐந்து பேரையும் பார்த்தான். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஸலாத்துக்குப் பதில் சொல்றதும் பரீட்சைக் குற்றமோ, சேர்?” என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி கேட்டான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் மௌலவியும் திரும்பினார்.

“மூண்டு மணித்தியாலத்துக்கு மட்டும்” என்றேன்.

“உங்களோட கதைக்கலாமோ?”

“என்னோட கதைக்கலாம்.”

“இவங்களுக்கு எவ்வளவு நேரம் பிந்தும்?”

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று பதினைந்து. நடந்து போய், அறையைத் திறந்து, தாளைக் கொடுக்க ஒன்றரை ஆகும். “ஒண்டேகால் மணித்தியாலம்” என்றேன்.

“ஒண்டேகால் மணித்தியாலம்” என்று அவனும் சொன்னான், காது கேளாத ஒருவருக்குச் சொல்வதைப் போல, மௌலவி நின்ற பக்கம் பார்த்து. பிறகு ஹவுளில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

ஒன்று முப்பத்திரண்டுக்குப் பதிவேட்டு அறையில் ஐந்து பேருக்கும் வினாத்தாள் கொடுக்கப்பட்டது. நான் கதவைப் பூட்டிவிட்டு, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வருந்தவில்லை, யாருடைய மார்க்கமும் குறையவில்லை, எந்தக் கந்தோரும் இடிந்து விழவில்லை. மேற்பார்வையாளரின் தேநீர் பிந்தியது. முதல் வருடமும் இவ்வளவுதான் ஆகியிருக்கும். அதை நினைத்துக்கொண்டு நாலரை மணி வரைக்கும் அந்தக் கதிரையில் இருந்தேன்.